விதைத்தவன் தூங்கட்டும்

வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற நாட்களில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து மூலையில் விதைச் சாக்குகள் மூட்டம் போட்டுக் கிடக்கும். முந்தின நாள் முழுதும் குளத்தில் ஊறிய நெல். தண்ணீரை வடியவிட்டு, வைக்கோலைப் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி, அதன்மேல் ஒரு பலகையும் கல்லும் ஏற்றிவிடுவார் அப்பா. அதற்குப் பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் வேலை விதைக்குத்தான். நாம் காலையிலும் சாயங்காலமும் ஒருதரம் தண்ணீர் தெளித்தால் போதும். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ராத்திரி ஆவல் தாங்காமல் எழுந்து போய், சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. கையோடு வந்த நாலைந்து நெல்லின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக முளை.

“மூடுடா. சூடு போயிடும். அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது, நீ போய்ப் படு” என்றார் அப்பா, பாயிலிருந்து எழுந்திருக்காமலே.

மாற்கு சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் ஒரு சின்ன உவமையை நான் இன்றுவரை அந்தக் குரலோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன். ஒருவன் நிலத்தில் விதை போடுகிறான். இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை முளைத்து வளர்கிறது. எப்படி என்று அவனுக்கே தெரியாது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிர் நிறையத் தானியம். நிலம் தானாகவே பலன் கொடுக்கிறது. நெல் விளையும் ஊர்க்காரருக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகம் ஒன்று ஏறத்தாழ 110 நாள் பயிர். சேடை ஓட்டுவது, அண்டை வெட்டுவது, நாற்றுப் பறிப்பது, நடவு, இரண்டு களை, மூன்று தடவை உரம், தண்ணீர் வைப்பது, வடிப்பது என்று மனிதக் கை படும் நாட்களைக் கூட்டிப் பாருங்கள். மீதி நாட்களிலும், 110 இரவுகளிலும், தூர் கட்டுவதும் கதிர் இழுப்பதும் பால் பிடிப்பதும் நாம் பார்க்காமல் நடக்கிறது. விதைத்தவன் தூங்கினான் என்பதை இயேசு குறையாகச் சொல்லவில்லை. உவமைக்கு அந்தத் தூக்கம் தேவைப்பட்டது.

இந்த அத்தியாயம் அந்தத் தூக்கத்தைப் பற்றியது. நம் பக்கத்துச் சபைகளில் உழைப்பைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். எறும்பைப் பார்க்கச் சொல்லும் நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் சிறுபிள்ளைக்கும் தெரியும். தூங்கினவன் கன்று கடாக்கன்று என்று ஊர்ப் பழமொழியும் இருக்கிறது. தூங்கக் கற்றுக்கொடுத்தவர்கள்தான் குறைவு.

சாயங்காலத்தில் தொடங்கும் நாள்

ஆதியாகமம் முதல் அதிகாரம் நாளை எண்ணும் முறையைக் கவனியுங்கள். சாயங்காலம் முதலில் வருகிறது, விடியற்காலம் பிறகு. யூதர்களின் நாள் இன்றும் பொழுது சாயும்போதுதான் தொடங்குகிறது. அந்தக் கணக்குப்படி நாளின் முதல் காரியம் தூக்கம். நாம் கண் விழிக்கும்போது பாதி நாள் ஓடிவிட்டது, கர்த்தர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்; நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். சங்கீதம் 121 அவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்ற பொருளில் பேசுவது நமக்கு அனுமதி கொடுப்பதற்காக. அவர் விழித்திருப்பதால் நாம் கண்ணை மூடலாம்.

சங்கீதம் 127 இன்னும் நேராகப் பேசுகிறது. அதிகாலையில் எழுந்து, நேரங்கழித்துப் படுத்து, வருத்தத்தின் அப்பத்தைத் தின்கிறவர்களைப் பார்த்து அது விருதா என்கிறது. தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை தருகிறார் என்கிறது. இதைக் கேட்டதும் காவிரி டெல்டாக்காரருக்கு ஒரு கேள்வி வரும். நான்கு மணிக்கு எழுந்திருக்காமல் விவசாயம் எப்படி நடக்கும்? எழுந்திருப்பதை அந்தச் சங்கீதம் குற்றம் சொல்லவில்லை. உழைப்பு வேறு, பதைப்பு வேறு. மடையைத் திறந்துவிட்டு வந்து படுப்பது உழைப்பு. திறந்த மடையைப் படுத்த இடத்திலிருந்து விடிய விடிய மனசுக்குள் திறந்து மூடிக்கொண்டிருப்பது பதைப்பு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வயலுக்குப் பாயாது.

நம் பக்கத்தில் இந்தப் பதைப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டதிலிருந்து ஜூன் 12 என்பது குறுவைக்காரரின் நாள். ஆனால் எல்லா வருடமும் அந்த நாளில் தண்ணீர் வந்துவிடுவதில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசி வரை காக்க வேண்டியிருந்தது. கல்லணையைத் தாண்டி, முறை வைத்து, கடைமடைக்கு வந்து சேருவதற்குள் எத்தனை மதகு, எத்தனை வாக்குவாதம். குடகு மலையில் மழை பெய்வதும், இரண்டு மாநிலங்கள் பேசி முடிவதும் எந்த விவசாயியின் கையிலும் இல்லை. கையில் இல்லாததைக் கையில் வைத்திருப்பதுபோல் இரவெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். படுக்கும்முன் செய்கிற ஜெபத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. இன்று நான் செய்தவை இவை, நாளை செய்ய வேண்டியவை இவை, என்னால் ஆகாதவை இவை என்று மூன்றையும் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். மேட்டூர் நீர்மட்டத்தையும் அந்த மூன்றாவது பட்டியலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் பல வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

அரிவாளும் சோம்பலும்

அந்த உவமை தூக்கத்தோடு முடியவில்லை. பயிர் விளைந்ததும் அதே மனிதன் உடனே அரிவாளை எடுக்கிறான். அந்த ‘உடனே’யை விட்டுவிட்டுத் தூக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் உவமையைத் திரித்தவர்களாவோம். அறுப்புக் காலத்தில் தூங்குகிறவன் பெற்றவர்களுக்கு அவமானம் என்று நீதிமொழிகள் 10ஆம் அதிகாரம் சொல்லும்போது அது வயலைத் தெரிந்த பேச்சு. குறுகிய கால ரகத்து நாற்றை மூன்று வாரத்தில் பிடுங்கி நட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, நாளைக்கு ஆகட்டும் என்று நாற்றங்காலிலேயே பத்து நாள் விட்டால் தூர் கட்டுவது குறைந்துபோகும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் எவ்வளவு ஜெபித்தாலும் அந்தப் பத்து நாள் திரும்பாது.

ஆனால் சோர்வைச் சோம்பல் என்று பெயரிட்டு ஒருவரையும் திட்டாதீர்கள், உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அடையாளம் எளிது. களைத்தவர் நன்றாகத் தூங்கி எழுந்தால் வேலையைத் தேடிப் போவார். சோம்பலுக்கு எவ்வளவு தூங்கினாலும் போதாது. தூங்கத் தூங்க வேலை இன்னும் தூரமாகத் தெரியும். பிரசங்கி 5ஆம் அதிகாரத்தில், வேலை செய்கிறவனுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலும் நிறையச் சாப்பிட்டாலும் நித்திரை இனிது என்றும், செல்வனின் நிறைவே அவனைத் தூங்கவிடாது என்றும் படிக்கிறோம். உழைப்பும் தூக்கமும் அங்கே எதிரிகள் அல்ல. ஒன்று மற்றதற்குச் சோறு போடுகிறது.

தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம்

டெல்டாவின் கடல் ஓரத்தில், தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் சீகன்பால்க். அப்போது அவருக்கு 23 வயது. ஊர்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவர் என்று நம் சபைகளில் சொல்வார்கள். அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது என்பது அவரே 1708இல் எழுதிய கடிதத்தால் நமக்குத் தெரியும். காலை 7 மணிக்குப் படித்த சொற்களை மறுபடி படிப்பது. 8 முதல் 12 வரை ஒரு புலவரையும் எழுத்தர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்கள். சாப்பாடு, சாப்பிடும்போதும் யாராவது வாசிக்க வேண்டும். பிறகு மறைக்கல்வி, மறுபடி தமிழ் நூல்கள், ஜெபவேளை, அன்றைய காரியங்களைப் பற்றிய கலந்துபேச்சு, விளக்கு வெளிச்சத்தில் கண் வலிப்பதால் பிறர் வாசிக்கக் கேட்பது. அந்த நெருக்கமான பட்டியலின் நடுவே, நண்பகலுக்குப் பிறகு 1 மணியிலிருந்து 2 மணிவரை, ஓய்வு என்று ஒரு வரி இருக்கிறது.

எனக்கு அந்த வரிமேல் தனி மரியாதை உண்டு. தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715க்குள் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து முழுவதும் வெளிவரச் செய்தவர், 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தை இன்றும் நாம் போய்ப் பார்க்கும்படி விட்டுப்போனவர், பகல் வெயிலில் ஒரு மணி நேரம் படுத்திருக்கிறார். அதைக் கடிதத்தில் எழுதவும் அவர் கூச்சப்படவில்லை. அவர் 1719இல் 36 வயதில் இறந்துபோனார். அவருடைய வேகத்தை நாம் புகழ்கிறோம். பட்டியலிலிருந்த அந்த ஒரு மணி நேரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் பகல் 12 முதல் 3 வரை வயலில் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் 20, 30 நிமிடம் தலையைச் சாய்ப்பது போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் எழுந்ததும் தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் கெடும். வளர்ந்தவர்களுக்கு ஓர் இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பத்தாம் வகுப்புப் பிள்ளையை விடிகாலை நான்கு மணிக்கு எழுப்புகிற வீடுகளில், முந்தின இரவு நேரத்தோடு படுக்க விடுகிறார்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ராத்திரி பகலாக உழைத்தவர்கள்

தஞ்சாவூரில் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் பழைய தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ் ஐயர். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி மன்னர். லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மேனிடம் மன்னர் சொல்லிச் செய்வித்தது. ஸ்வார்ட்ஸ் 1750இல் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறந்தார். அவர் வாழ்வில் நடந்த இரண்டு சம்பவங்களை, உழைப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹைதர் அலியின் படையெடுப்பில் 1780களின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமை பாழாகிக் கிடந்தது. கோட்டைக்குள் பட்டினி. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, மாடும் இருந்தது, யாரும் கொண்டுவரவில்லை. முன்பு எடுத்துக்கொண்டதற்கு அவர்களுக்குக் காசு போய்ச் சேரவில்லை. ஸ்வார்ட்ஸ் தன் பெயரில் வாக்குக் கொடுத்தபோது ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகளும் ஏறத்தாழ 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. வந்த ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணிக் கொடுத்தார்.

சில வருடம் கழித்து, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ராஜா கூப்பிட்டும் வரவில்லை. அவர்களுக்கு அநியாயம் நடக்காது என்று ஸ்வார்ட்ஸ் உறுதி சொன்னதும், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். பருவம் தவறிக் கிடந்தது. வழக்கத்தைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது, உங்கள் அன்புக்காக ராத்திரி பகலாக உழைக்கிறோம் என்ற அர்த்தத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த வருட அறுவடை முந்தின வருடத்தைவிட அதிகமாக இருந்தது.

அதே மக்கள், அதே மண். பலன் எனக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை இல்லாதபோது ஊரைவிட்டுப் போனவர்கள், நம்பிக்கை வந்ததும் இரவையும் பகலாக்கினார்கள். ஆட்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று டீக்கடையில் குறைப்படுகிற நில உடைமையாளர்கள் இந்தச் சம்பவத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

ஏனென்றால் இந்தச் சீமையின் வேறொரு கதையும் நமக்குத் தெரியும். பண்ணையாள் விடியலுக்குமுன் வயலில் இறங்கி இருட்டிய பிறகு ஏறினான். தாமதித்தால் சவுக்கடி, சாணிப்பால். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, நம் கோயில்களில் கிறிஸ்து பிறப்புப் பாட்டுகள் பாடி முடித்த அதே இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உழைப்பைப் பற்றிக் கிறிஸ்தவப் புத்தகம் எழுதுகிறவர் அந்த இரவைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஓய்வுநாள் கட்டளை உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் வருகிறபோது வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்று காரணத்தோடு வருகிறது. மாடும் கழுதையும்கூடச் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. எகிப்தில் அடிமையாக இருந்தவர்களுக்குக் கொடுத்த கட்டளை அது. அதே புத்தகம் 24ஆம் அதிகாரத்தில் பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாய் இருக்கிறான் என்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஓய்வைப் பற்றி நான் சொல்லும் முதல் நடைமுறை, படுக்கை அறையைப் பற்றியது அல்ல: நடவுக் கூலியை அன்று சாயங்காலமே கொடுங்கள். சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். உங்கள் பையில் தங்கிய கூலி, இன்னொருவர் வீட்டில் தூங்காத இரவு.

இதோடு சேர்ந்த கேள்வி, ஞாயிற்றுக்கிழமை அறுப்பு. யாத்திராகமம் 34ஆம் அதிகாரம் விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்று குறிப்பிட்டே சொல்கிறது. ஆனால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தலைக்குமேல் நிற்கும்போது, வாரக்கணக்காகக் காத்த பெல்ட் மிஷின் ஞாயிறு காலையில்தான் வயலுக்கு வரும் என்றால் என்ன செய்வது? கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளில் தூக்காதிருப்பீர்களா என்று இயேசு கேட்டதை நினைத்து, அறுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சாய்ந்த கதிர் தண்ணீரில் முளைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பக்தி ஆகாது. ஆனால் அந்த வாரத்திலேயே இன்னொரு நாளை எடுத்து ஓய்ந்திருங்கள், உங்களோடு வேலை செய்தவர்களையும் ஓயவிடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் எருது கிணற்றில் விழுவதாகத் தோன்றினால், கிணற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டிய நேரம் அது.

கடைசியாகப் படுப்பவர்

எங்கள் சபையில் ஒரு அக்கா, நடவுக்குப் போகிறவர். ஆராதனையில் மூன்றாவது வரிசையில், தூணோரமாக உட்காருவார். முதல் பாட்டு முடியும்போது தலை சாய்ந்துவிடும். சேலைத் தலைப்பில் முடிந்த காணிக்கைக் காசு மடியில் அப்படியே இருக்கும். கால் விரல் இடுக்குகளில் சேற்றுப் புண்ணுக்குப் பூசிய மஞ்சள். பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் தட்டி எழுப்பப் போனார். பிரசங்கம் செய்துகொண்டிருந்த போதகர் ஐயா கையால் வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பிறகு நான் அந்த அக்காவிடம் கேட்டேன். “என்ன தம்பி பண்றது, நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி வச்சுட்டு வயலுக்குப் போவணும். ராத்திரி ஏனம் கழுவிப் படுக்க பதினொண்ணு. உக்காரவே இங்கதான் நேரம் கெடைக்குது. உக்காந்தா கண்ணு சொருவிக்கிது” என்றார்.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் பவுல் நடு இரவுவரை பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாவது மாடியிலிருந்து விழுகிறான். பவுல் இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொள்கிறார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. வேளாங்கண்ணி மரபிலும், எசமானுக்குப் பால் கொண்டுபோன இடையச் சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் தூங்கிப்போனபோதுதான் குழந்தையை ஏந்திய மாதா அவனுக்குத் தோன்றிப் பால் கேட்டார் என்று சொல்கிறார்கள். தாமதமாகிவிட்டதே என்று பயந்து போனவனின் கலயத்தில் பால் பொங்கி வழிந்ததாம். வழியில் தூங்கினாய் என்று அந்தக் கதையில் யாரும் அவனை அடிக்கவில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: ராத்திரி கடைசியாகப் படுத்தது யார், எத்தனை மணிக்கு, காலையில் முதலில் எழுந்தது யார், எத்தனை மணிக்கு. ஏழு தாளிலும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வந்தால், பெரும்பாலும் அது அம்மா பெயராகவோ மருமகள் பெயராகவோதான் இருக்கும், அந்த வீட்டில் ஓய்வுநாள் இன்னும் தொடங்கவில்லை. ஏனம் கழுவுவதை ஆண்பிள்ளைகள் ஏற்கட்டும். ஞாயிறு மத்தியானக் கறிச்சோறு ஒருவரை அடுப்படியில் நிறுத்திவைத்துத்தான் வர வேண்டும் என்றால், அன்றைக்குப் பழைய சோறும் ஊறுகாயும் போதும்.

ராத்திரி வயலுக்குப் போகிறவர்களுக்கு

மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் மோட்டார் போடுவதற்காகவே அலாரம் வைத்து எழுகிறார்கள். கைபேசியிலிருந்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி இப்போது கிடைக்கிறது. அக்கம்பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முறைபோட்டுக்கொண்டாலும் வாரத்தில் நாலு இரவு மிஞ்சும். போகும்போது டார்ச், தடி, முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். வயலைவிட வீட்டுக்குள் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். அது இரவில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைப் பாயிலேயே கடிக்கும். கடி வலிக்காததால் பலர் எழுந்திருப்பதே இல்லை. விடியலில் வயிற்றுவலி, கண் இமை சொருகுதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். கட்டுப் போடுவதோ கீறுவதோ மந்திரிப்பதோ வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவதும் ஆபத்தைக் குறைக்கும். மூட்டைகள் அடுக்கிய அறையில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டாம்.

உடம்பு அலுப்புக்கு ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு: மது ஆளைச் சாய்க்கும், தூக்கத்தைத் தராது. பின்னிரவில் விழிப்பு வருவதும் காலையில் உடல் முறிவதும் அதனால்தான். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், அல்லது ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழ வேண்டியிருந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கம் வராத இரவுகள்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிறு காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் யாரும் கண்ணை மூட முடியவில்லை. விசுவாசம் குறைந்ததால் தூக்கம் போயிற்று என்று அப்போது சிலர் சொன்னார்கள். அது அவர்கள் காயத்தில் உப்பைத் தேய்த்தது. தூக்கம் கர்த்தர் தரும் ஈவு என்றால், அது கிடைக்காதவரிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. கூட உட்கார்ந்திருக்கத்தான் உரிமை.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, செத்துப்போனால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து அவரோடு வாதாடவில்லை. தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிடுகிறான். பிறகு மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பயணம், அதற்கும் பிறகுதான் கர்த்தரோடு பேச்சு. கடனாலோ இழவாலோ உடைந்துபோன ஒருவரைப் பார்க்கப் போகும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சோறு, பிறகு தூக்கம், வசனம் அப்புறம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்று அவர் வாய்திறந்து சொன்னால், தனியாக விடாமல், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை உங்கள் கைபேசியிலிருந்தே போட்டுக் கொடுங்கள்.

ஒரு தடவை குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு நாங்கள் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பகலில் காயவைப்பது, மேகம் கூடினால் தார்ப்பாயை இழுத்து மூடுவது, சாயங்காலம் மறுபடி குவிப்பது. மூன்று இரவு குவியல்மேலேயே இருந்தேன். தூறல் விழுமோ, மாடு வாய் வைக்குமோ என்று கண்ணை மூடவில்லை. நாலாவது நாள் பக்கத்துக் குவியல்காரர் டார்ச்சோடு வந்தார். எங்கள் சபைக்காரர் இல்லை, கீழத்தெருவில் இருக்கிறவர். நாலு வீட்டுக் குவியலையும் நாலு பேர் ஆளுக்கு மூன்று மணி நேரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் முறை தன்னுடையது என்றார்.

“நீங்க போய்ப் படுங்கண்ணே. மழை வந்தா நான் மூடுறேன்” என்றார்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தார்ப்பாயின் மடிப்பில் தலையை வைத்த ஞாபகம் இருக்கிறது. நெல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.